சிங்கப்பூரில் ரிஃப்ளெக்சாலஜி தொழில்: படிப்பு முதல் சொந்தக் கடை வரை

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பேட்டைகளில் கூழாங்கல் பதித்த பாதை ஒன்று எங்காவது ஒரு மூலையில் இருக்கும். காலையில் மூத்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி அதில் நடப்பார்கள். பாதத்தை அழுத்தினால் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை இந்த ஊரில் அவ்வளவு ஆழம். சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் பக்கம் போனால் கால் மசாஜ் கடைகள் வரிசையாக இருக்கும். சாங்கி விமான நிலையத்தில் கால் பிடித்துவிடும் இயந்திரமே இலவசம். இயந்திரம் சும்மா கிடைத்தும் மக்கள் காசு கொடுத்து மனிதக் கையைத் தேடி வருகிறார்கள் என்பதால்தான் ரிஃப்ளெக்சாலஜி என்ற இந்தப் பாத அழுத்தத் தொழில் பிழைத்திருக்கிறது.

நம்மவர்களில் இதைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. நாற்பது வயதைத் தாண்டி வேலை மாற நினைப்பவர்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு பகுதி நேரமாக ஏதாவது செய்ய நினைக்கும் தாய்மார்கள், ஊரில் இருக்கும் தம்பிக்கோ மச்சானுக்கோ இங்கே வேலை கிடைக்குமா என்று கேட்பவர்கள். மூன்று பேருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: இதைக் கைத்தொழிலாகப் பாருங்கள். வைத்தியர் ஆகப் போகிறோம் என்ற எண்ணத்தோடு வருபவர்கள் வாயால் கெடுவார்கள், அல்லது ஏமாற்றத்தோடு போவார்கள்.

முதலில், உங்களுக்கு ஒத்துவருமா?

ஒரு நாளைக்கு ஐந்தாறு பேருடைய பாதங்களைக் கையில் எடுக்க வேண்டும். வெடித்த குதிகால், வியர்வை நாற்றம், நாள் முழுக்க ஷூவுக்குள் வெந்துபோன விரல்கள் எல்லாம் வரும். அதில் அருவருப்பு இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், தப்பே இல்லை.

நம் ஆட்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வாடிக்கையாளர் தமிழராக இருந்து, உங்களைவிட வயதில் சிறியவராகவும் இருந்தால், பெரியவர் தன் காலைத் தொடுவதா என்று நெளிவார். வயதான பாட்டிமார்கள் வேறு மாதிரி. "ஏம்மா, நீ போய் என் காலைப் பிடிக்கிறதா?" என்று காலை இழுத்துக்கொள்வார்கள். அங்கே நீண்ட விளக்கம் வேண்டாம். "இது என் வேலைதான் பாட்டி, கொடுங்க" என்று சொல்லி, பாதத்தைத் துண்டால் போர்த்தி, துண்டின் மேலேயே முதல் இரண்டு நிமிடம் பிடித்துவிடுங்கள். கூச்சம் தானாக இறங்கிவிடும். வீட்டில் வரும் எதிர்ப்பும் இதே ரகம்தான்: "கால் பிடிக்கிற வேலைக்கா போகப்போறே?" இதற்கு என்னிடம் பதில் கிடையாது. சம்பளம் வீட்டுக்கு வரத் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

உடல் தகுதியைப் பொறுத்தவரை, கட்டைவிரல் மூட்டிலோ மணிக்கட்டிலோ ஏற்கெனவே வலி இருந்தால் பணம் கட்டிப் படிப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தத் தொழிலுக்கு மூலதனம் அந்த இரண்டு விரல்கள்.

வேலை செய்ய அனுமதி இருக்கிறதா?

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிக்கல் இல்லை. சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணந்து நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவர்களுக்கு, அவர்களை வேலைக்கு எடுக்கும் முதலாளி மனிதவள அமைச்சிடம் இசைவுக் கடிதம் பெற வேண்டும். அதன் பிறகே வேலையைத் தொடங்கலாம். வேலை அனுமதியில் இருப்பவரின் துணையாகச் சார்ந்திருப்போர் அனுமதியில் வந்தவர்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து விதி மாறிவிட்டது. பொதுவாக அவர்களுக்குத் தனியாக ஒரு வேலை அனுமதி தேவை. "தோழி வீட்டுக்குப் போய் சும்மா கால் பிடித்துவிட்டேன், காசு கொடுத்தாள்" என்பதும் வேலைதான். அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள்.

இப்போது ஊரில் இருக்கும் மச்சான் விஷயம். சேவைத் துறையில் வேலை அனுமதிச் சீட்டு கிடைப்பது மலேசியா, சீனா, ஹாங்காங், மக்காவ், தென்கொரியா, தைவான் ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்களுக்கு. இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு, இந்திய உணவகச் சமையல்காரர் போன்ற குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் வழி திறந்திருக்கிறது. மசாஜ் வேலை அந்தப் பட்டியலில் இல்லை. எஸ் பாஸ் (நடுத்தரத் திறனுள்ள வெளிநாட்டு ஊழியருக்கான அனுமதி) என்றால், 2025 செப்டம்பரிலிருந்து புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வயது கூடினால் தொகையும் கூடும். கமிஷனில் ஓடும் ஒரு கால் மசாஜ் கடை அந்தச் சம்பளம் கொடுத்து, வெளிநாட்டு ஊழியருக்கான தீர்வையும் கட்டி ஆள் எடுப்பது அபூர்வம். எனவே "ஸ்பா வேலை, விசா உறுதி" என்று திருச்சியிலோ தஞ்சாவூரிலோ ஒரு முகவர் லட்சக்கணக்கில் கேட்டால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொஞ்சம் பின்னணி

பாதத்தின் ஒவ்வோர் இடமும் உடலின் ஓர் உறுப்போடு தொடர்புடையது என்பது ரிஃப்ளெக்சாலஜியின் அடிப்படைக் கருத்து. விரல்கள் தலைக்கு, விரல்களுக்குக் கீழே உள்ள மேடு நெஞ்சுக்கு, நடுப்பள்ளம் வயிற்றுக்கு, குதிகால் இடுப்புக்கு, உட்புற ஓரம் முதுகெலும்புக்கு என்று வரைபடம் போகும். அமெரிக்காவைச் சேர்ந்த காது மூக்குத் தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு, உடலை நெடுக்காகப் பத்து மண்டலங்களாகப் பிரித்துப் பேசியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1930களில் யூனிஸ் இங்காம் அதைப் பாதத்தில் குவித்து, இன்று சுவரில் தொங்கும் வரைபடத்துக்கு வடிவம் கொடுத்தார். ஆசியப் பாணி பரவியதற்குத் தைவானில் இருந்த சுவிட்சர்லாந்துப் பாதிரியார் ஜோசஃப் யூக்ஸ்டர் ஒரு முக்கியக் காரணம். இங்காம் வழி மென்மையானது, பெரும்பாலும் கட்டைவிரல் நுனியால் செய்வது. தைவான் வழியில் மடக்கிய விரலின் கணுவும் மரக்குச்சியும் வரும், அழுத்தம் அதிகம். சிங்கப்பூர்க் கடைகளில் வாடிக்கையாளர்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. வலித்தால்தான் வேலை செய்கிறது என்று நினைப்பவர்கள் இங்கே ஏராளம்.

சரி, இது நோயைக் குணப்படுத்துமா? 2009இல் மாற்று மருத்துவ ஆய்வாளர் எட்சார்டு எர்ன்ஸ்ட் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 18 சோதனைகளை அலசியது. எந்த நோய்க்கும் இது பலன் தரும் சிகிச்சை என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. உடம்பு தளர்கிறது, மனம் இலேசாகிறது, அன்றிரவு நன்றாகத் தூக்கம் வருகிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். விற்க வேண்டியது அதைத்தான், அதற்குக் கேட்பவர்களும் போதுமான அளவு இருக்கிறார்கள். "இந்தப் புள்ளியில் வலிக்கிறதா, அப்போ உங்களுக்குக் கிட்னியில் பிரச்சினை" என்று சொல்லும் பழக்கம் பல கடைகளில் உண்டு. நீங்கள் அதைத் தொற்றிக்கொள்ள வேண்டாம். மருத்துவ விளம்பரங்களுக்குச் சிங்கப்பூரில் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. அதைவிட, நீங்கள் சொன்னதை நம்பி ஒருவர் நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

படிப்பு

அரசாங்கத்தின் திறன் பயிற்சித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் இணையவாசலில் ரிஃப்ளெக்சாலஜி, ஸ்பா, மசாஜ் என்று தேடினால் அரசாங்க மானியமுள்ள வகுப்புகள் வரும். டபிள்யூஎஸ்கியூ (ஊழியரணித் திறன் தகுதி) அங்கீகாரமுள்ள பயிற்சி நிலையங்கள் ஒரு வழி. சிடெஸ்கோ, ஐடெக், சிப்டாக் போன்ற அனைத்துலகச் சான்றிதழ்கள் இன்னொரு வழி; அவை விலை கூடியவை, ஹோட்டல் ஸ்பாக்களிலும் வெளிநாட்டிலும் மதிப்புள்ளவை. அக்கம்பக்கத்துக் கால் மசாஜ் கடையில் சேர்வதுதான் நோக்கம் என்றால் முதல் வழியே போதும்.

பணம்: 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு 500 வெள்ளி தொடக்கத் தொகை ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் இருக்கும், ஏற்கெனவே செலவழிக்காமல் இருந்தால். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு 2024 மே மாதத்தில் 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டது. ஆனால் அந்த 4,000 எல்லா வகுப்புக்கும் செல்லாது; தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியலில் அந்த வகுப்பு இருக்கிறதா என்று இணையவாசலில் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். இதைத் தவிர, டபிள்யூஎஸ்கியூ வகுப்புக் கட்டணத்தில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பாதி வரையும், 40 வயதைக் கடந்த குடிமக்களுக்கு 70 விழுக்காடு வரையும் மானியம் உண்டு.

நிலையத்துக்கு நேரில் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். செய்முறைப் பயிற்சி எத்தனை மணி நேரம்? பயிற்சியின்போது வெளியாட்கள் வருவார்களா, இல்லை சக மாணவர் காலையே திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டுமா? படித்து முடித்தவர்கள் எந்தக் கடைகளில் வேலை செய்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். வார இறுதியில் இரண்டு நாள் உட்கார்ந்து "நிபுணர்" சான்றிதழ் வாங்கும் வகுப்புகள் வீட்டில் மாமியாருக்குப் பிடித்துவிட உதவும். வேலைக்கு உதவாது.

வகுப்பு நடக்கும்போதே வெவ்வேறு பாதங்களைத் தேடிப் பழகுங்கள். கட்டுமானத் தொழிலாளியின் பாதமும் தாதியின் பாதமும் ஒரே மாதிரி இருக்காது. தட்டைப் பாதம், உயர்ந்த வளைவு, தடித்த தோல் என ஒவ்வொன்றுக்கும் அழுத்தம் வேறு. குடும்பத்தாரை நோகாமல் கேட்டுப் பாருங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

முதல் பத்து நிமிடம்

நல்ல கைக்கும் சாதாரணக் கைக்கும் உள்ள வித்தியாசம் அழுத்தத் தொடங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் தண்ணீர்த் தொட்டியைக் கொண்டு வராதீர்கள். முதலில் பேசுங்கள்: நீரிழிவு உண்டா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, அண்மையில் அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ ஏற்பட்டதா, பெண் என்றால் கர்ப்பமா. கர்ப்பிணி என்றால் அவருடைய மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான்.

அப்புறம் பாதத்தைப் பாருங்கள். விரல் இடுக்கை விரித்து வெள்ளையாகத் தோல் உரிகிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அன்று தொடக்கூடாது. திறந்த புண், கொப்புளம், சிவந்து சுடும் தோல் இருந்தாலும் அப்படியே. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலோடு நடந்தவர்கள் மறுநாளே கால் வலிக்கிறது என்று வருவார்கள். பக்தியை மதிப்போம், கொப்புளத்தைத் தொடமாட்டோம். கெண்டைக்கால் மட்டும் பிடித்துவிட்டு அனுப்பலாம்.

கணுக்காலுக்கு மேலே, எலும்பின் மீது கட்டைவிரலை ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. இரண்டு காலிலும் இருந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, மிக இலேசாக மட்டும் செய்யலாம், அல்லது விட்டுவிடலாம். ஒரே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக, தொட்டால் வலித்தால் கையை எடுத்துவிடுங்கள். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு என்றால் இன்னும் கவனம். ஆழ்நாளத்தில் இரத்தக்கட்டி இருக்கலாம், அழுத்தினால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அன்றைய கமிஷன் போனால் போகட்டும்.

நீரிழிவுதான் நம் சமூகத்துக்கு மிக நெருக்கமான விஷயம். சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிரான போர் என்று அறிவிக்கும் அளவுக்கு இந்த நாட்டில் அது பெரிய பிரச்சினை. இந்தியர்களிடம் பாதிப்பு இன்னும் அதிகம். அவர்களில் பலருக்குப் பாத நரம்பு மரத்திருக்கும், ஆனால் அவர்களுக்கே அது தெரியாது. கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியால் அவருடைய கால் விரல்களை ஒவ்வொன்றாக இலேசாகத் தொட்டு, எந்த விரல் என்று கேளுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் மரக்குச்சியை எடுத்து வைத்துவிடுங்கள், வெந்நீர்த் தொட்டியும் வேண்டாம். "இன்னும் அழுத்துங்க, ஒண்ணுமே தெரியல" என்று அவரே சொல்வார். அது அழுத்தக்கூடாது என்பதற்கான அறிகுறி. தோலுக்கு அடியில் காயம் பட்டாலும் அவருக்கு உறைக்காது, அந்தக் காயம் ஆறவும் ஆறாது.

மற்றவர்களுக்குத் தண்ணீர் இளஞ்சூட்டில் இருந்தால் போதும். தொட்டிக்கு ஒருமுறைப் பயன்பாட்டு உறை, ஒவ்வொருவருக்கும் புதுத் துண்டு, குச்சிக்குக் கிருமிநாசினி, உங்கள் நகம் ஒட்ட வெட்டியது. இவை பேரம் பேச முடியாதவை.

கட்டைவிரலைக் காப்பாற்றுவது

புதிதாக வருபவர்கள் கட்டைவிரலைப் பின்பக்கம் வளைத்து, கையின் பலத்தால் குத்துகிறார்கள். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு காலையில் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்கும்போது மணிக்கட்டில் சுரீர் என்று இழுக்கும். கட்டைவிரல் தசைநாண் உறை வீங்கும் டி குவெர்வேன் பாதிப்பு அப்படித்தான் தொடங்குகிறது.

கட்டைவிரலின் முதல் கணுவைச் சற்று மடக்கியே வைத்து, புழு ஊர்வது போல மடக்கி நீட்டி நகர்த்த வேண்டும். அழுத்தம் தோளிலிருந்தும் உடல் எடையிலிருந்தும் வர வேண்டும். அதற்கு உங்கள் முக்காலியின் உயரம் சரியாக இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் குதிகால் உங்கள் தொப்புள் உயரத்தில் இருந்தால் முன்சாய்ந்து எடையை இறக்கலாம். கடினமான இடங்களுக்கு மடக்கிய ஆள்காட்டி விரலின் கணு, குதிகாலுக்கு முஷ்டி, கெண்டைக்காலுக்கு முன்கை. மற்றொரு கை எப்போதும் பாதத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவே பத்து நிமிடம் கேளுங்கள். அதுகூடத் தராத கடை உங்கள் கையைத் தேய்த்துக் காசு பார்க்கிறது.

கடையைத் தேர்ந்தெடுப்பது

2017ஆம் ஆண்டின் மசாஜ் நிலையச் சட்டம் 2018 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உரிமம் வழங்குவது காவல்துறை. உரிமம் இல்லாமல் நிலையம் நடத்தினால் முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பொதுமக்கள் பார்வையில் திறந்தவெளியாக இயங்கும் சில வகைச் சேவைகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், விலக்கு பொருந்துகிறதா என்பதைக் கடைக்காரர் நிரூபிக்கட்டும். நேர்காணலுக்குப் போகும்போது உரிமம் எங்கே என்று கேளுங்கள். முறையான கடைக்காரர் கோபப்படமாட்டார். கதவு பூட்டிய அறைகள், ஜன்னல் முழுக்கத் திரை, மாலைக்குப் பிறகு ஆண் வாடிக்கையாளர்கள் மட்டும் என்று கண்ணில் பட்டால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். குறிப்பாகப் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரமுள்ள ஸ்பாக்கள், வாடிக்கையாளர் முன்பணம் கட்டிய தொகுப்புக்கு ஐந்து நாள் மறுபரிசீலனை அவகாசம் தர வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் தொகுப்பு விற்கச் சொல்லி உங்கள் கழுத்தை நெரிப்பது குறைவாக இருக்க வாய்ப்புண்டு.

வருமானத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு 40 வெள்ளி வாங்கும் கடை, உங்களுக்கு 40 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 16 வெள்ளி. நாளுக்கு ஆறு பேர் என்றால் 96, மாதம் 24 நாளுக்கு 2,304. நீங்கள் 55 வயதுக்கு உட்பட்ட ஊழியர் என்றால் மத்திய சேம நிதிக்கு 20 விழுக்காடு போய், கைக்கு ஏறக்குறைய 1,843 வரும். முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு கட்டுவார். ஆனால் செவ்வாய்க்கிழமை மதியம் மழை பெய்தால் மூன்று பேர்கூட வரமாட்டார்கள். எனவே அடிப்படைச் சம்பளம் உண்டா என்பதுதான் முதல் கேள்வி.

சில கடைகள் "நீங்கள் சுயதொழில் செய்பவர்" என்று தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நேரம், சீருடை, விடுப்பு எல்லாவற்றையும் தாங்களே முடிவு செய்யும். அப்படிக் கையெழுத்திட்டால் சேமநிதியும் இல்லை, கையில் அடிபட்டால் வேலைக்காயத் திட்டமும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ஊழியர் என்றால், முக்கிய வேலை நிபந்தனைகள் வேலையில் சேர்ந்த 14 நாட்களுக்குள் எழுத்தில் தரப்பட வேண்டும், சம்பளச் சீட்டில் விவரம் பிரித்துக் காட்டப்பட வேண்டும். குழப்பம் என்றால் மனிதவள அமைச்சிடம் கேளுங்கள்.

மொழியும் ஒரு முதலீடுதான். சைனாடவுன் கடையில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. வலிக்கிறதா என்று மாண்டரினில் "தோங் மா?", மலாயில் "சாக்கிட்?" என்று கேட்கத் தெரிந்தாலே பாட்டிமார்கள் சிரித்துவிடுவார்கள். லிட்டில் இந்தியாவின் ஆயுர்வேத நிலையங்களில் தமிழ் பலம், ஆனால் அங்கே எண்ணெய் மசாஜும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

சொந்தமாகத் தொடங்குவது

குறைந்தது ஓரிரு ஆண்டு வேறொருவர் கடையில் வேலை செய்த பிறகே இதைப் பற்றி யோசியுங்கள். வாடிக்கையாளர் திரும்பி வருவது உங்களுக்காகவா, அந்தக் கடை எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் இருப்பதாலா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

தனியுரிமை வணிகத்தை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளம் வழியாகப் பதிவு செய்ய ஓராண்டுக்கு 115 வெள்ளி. இடம் பிடிப்பதற்கு முன் காவல்துறை உரிமமும், அந்தக் கடையிடத்தில் மசாஜ் தொழிலுக்கு அனுமதி உண்டா என்பதும் தெளிவாக வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு உரிமம் மறுக்கப்பட்டால் முன்பணம் போய்விடும். வீட்டிலேயே வாடிக்கையாளரை வரவழைக்கலாம் என்று நினைப்பவர்கள், வீவகவிடமும் காவல்துறையிடமும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் ஒரு நாற்காலிகூட வாங்க வேண்டாம்.

சுயதொழிலில் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்குப் பணம் கட்டுவது கட்டாயம். வருமான வரிக் கணக்கும் உண்டு. எனவே முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: தேதி, வாடிக்கையாளர், வாங்கிய தொகை ஒரு பக்கம், அவருக்கு நீரிழிவா, எந்தக் காலில் பழைய முறிவு, எவ்வளவு அழுத்தம் பிடிக்கும் என்பது எதிர்ப்பக்கம். அந்த எதிர்ப்பக்கத்தை வேறு யார் கண்ணிலும் படாமல் பூட்டி வையுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சின்னக் கடைக்கும் பொருந்தும்.